அப்போதே தெரிந்திருந்தால்

பள்ளி முடிந்து மாலையில் வீடு திரும்புகிறான் ஓர் உயர்நிலை இரண்டு மாணவன். அவன் காலணியைக் கழற்றும்போதே கூடத்தில் அமர்ந்திருக்கும் பாட்டி அவனது முகத்தைக் கவனித்துவிடுகிறார். “என்னய்யா, முகமே சரியில்ல? பள்ளிக்கூடத்துல ஏதாச்சும் நடந்துச்சா?” என்று கேட்கிறார். கேள்வி அவனுக்கு நன்றாகப் புரிகிறது. பள்ளிக் காற்பந்துக் குழுவில் அவன் பெயர் விடுபட்டுவிட்டது. அவனைவிடக் குறைவாகப் பயிற்சிக்கு வந்த நண்பனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அந்த ஏமாற்றத்தைச் சொல்லத்தான் அவனுக்குத் தமிழ் வரவில்லை. “ஒண்ணுமில்ல பாட்டி” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுகிறான். இரவில் வேலை முடிந்து வரும் தாயிடம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கொட்டித் தீர்க்கிறான். பேரனின் குரல் கூடத்தில் இருக்கும் பாட்டிக்குக் கேட்கிறது. அவன் என்ன சொல்கிறான் என்பதுதான் விளங்கவில்லை.

இது ஏதோ ஒரு வீட்டில் மட்டும் நடப்பதன்று. சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இதைப் போன்ற மாலைப்பொழுதுகள் உண்டு. பிள்ளைகள் வளர்ந்தபின் பெற்றோர் பலர், “சின்ன வயதிலேயே இவனோடு தமிழில் பேசியிருக்கலாம், அப்போது தெரியாமல் போய்விட்டது” என்று சொல்வதைக் கேட்கலாம். அவர்களுக்குத் தெரியாமல் போனது என்ன? தமிழ் முக்கியம் என்பது அவர்களுக்குத் தெரியாததன்று. பிள்ளைக்குத் தமிழ்ப்பெயர் சூட்டியவர்கள் அவர்கள். பொங்கலுக்கு வாசலில் கோலம் போட்டவர்கள் அவர்கள். ஒரு குழந்தைக்கு மொழி எப்படி வருகிறது, எப்படி வராமல் போகிறது என்பதுதான் அவர்களுக்கு யாரும் சொல்லாத செய்தி.

பெற்றோர் ஏன் ஆங்கிலத்துக்கு மாறினார்கள் என்பதை முதலில் பார்ப்போம். சிங்கப்பூரில் 1966ஆம் ஆண்டு முதல் உயர்நிலைப்பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயப் பாடமானது. ஆயினும், தமிழைப் பயிற்றுமொழியாகக் கொண்ட பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழியானது. இன்று உயர்நிலைப்பள்ளி மாணவர்களின் பெற்றோராக இருப்பவர்களில் பலர் அந்தச் சூழலில் படித்து வளர்ந்தவர்கள். கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில். வேலைக்கான நேர்காணலும் ஆங்கிலத்தில். ஆங்கிலத்தில் தடுமாறியதால் வகுப்பில் வாய்திறக்க அஞ்சிய நாள்கள் அவர்களுள் சிலருக்கு இன்னும் நினைவிருக்கும். தம் பிள்ளைக்கு அந்த நிலை வரக்கூடாது என்று அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை.

இத்தகைய எண்ணம் எவ்வளவு பரவலானது என்பதை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளுள் வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசுவோர் 2010இல் 32.3 விழுக்காடாக இருந்தனர். 2020இல் இது 48.3 விழுக்காடாக உயர்ந்தது. தமிழை அதிகம் பேசுவோரின் விகிதம் அதே பத்தாண்டில் 3.3 விழுக்காட்டிலிருந்து 2.5 விழுக்காடாகக் குறைந்தது. இது தமிழர்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. சீன, மலாய்க் குடும்பங்களிலும் ஆங்கிலம் வீட்டுக்குள் வந்திருக்கிறது. எனினும், ஆங்கிலத்தை அதிகம் பேசும் வீடுகள் பலவற்றில் தாய்மொழி இன்னும் இரண்டாவது மொழியாகப் புழங்கிவருகிறது என்பதையும் மறந்துவிடக்கூடாது.

பெற்றோரிடம் இன்னோர் அச்சமும் இருந்தது. ‘இரண்டு மொழிகளை ஒரே நேரத்தில் கேட்டால் குழந்தை குழம்பிப்போகும்; பேசத் தொடங்கத் தாமதமாகும்’ என்பது அது. உறவினர் சொல்லியிருப்பார்கள், சில வேளைகளில் பாலர்பள்ளி ஆசிரியரும் சொல்லியிருப்பார். இந்த நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கல்வியாளர்கள் பலர், இருமொழி குழந்தையின் அறிவு வளர்ச்சியைக் கெடுக்கும் என்றே கருதினர். 1962இல் எலிசபெத் பீல், வாலஸ் லாம்பர்ட் என்னும் இருவர் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் பத்து வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்தனர். பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டையும் நன்கறிந்த பிள்ளைகள், ஒரு மொழி மட்டும் அறிந்தவர்களைவிடத் தேர்வுகளில் பின்தங்கவில்லை, முந்தியே நின்றார்கள். அந்த ஆய்வில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்த முறையைப் பின்னர் சிலர் குறைகூறியது உண்மை. ஆனால், இருமொழி மூளைக்குத் தீங்கு என்ற பழைய கருத்து அதன்பின் தலைநிமிரவில்லை.

அப்படியென்றால் குழந்தை ஏன் “அம்மா, ஐ வாண்ட் தண்ணி” என்று கலந்து பேசுகிறது? அது குழப்பத்தின் அடையாளம் அன்று. கைக்கு எட்டிய சொல்லை எடுத்து வேலையை முடித்துக்கொள்ளும் திறமை அது. உண்மையில், இரு மொழிகளைப் பிரித்தறியும் ஆற்றல் பிறக்கும்போதே குழந்தைக்கு இருக்கிறது. கருவுற்ற காலத்தில் ஆங்கிலம், தகாலோக் ஆகிய இரு மொழிகளையும் பேசிய தாய்மாரின் பச்சிளங்குழந்தைகளைக் கனடாவில் ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிறந்து சில நாள்களே ஆன அந்தக் குழந்தைகள் இரு மொழிகளையும் ஆர்வத்துடன் கேட்டன. ஒன்றிலிருந்து மற்றொன்றை வேறுபடுத்தியும் அறிந்தன. சொற்களின் எண்ணிக்கையிலும் பெற்றோர் ஒரு தவறு செய்வதுண்டு. இரண்டு வயதுக் குழந்தைக்கு ஆங்கிலத்தில் இத்தனை சொற்கள்தாம் தெரியும் என்று எண்ணிவிட்டுக் கவலைப்படுவார்கள். அதே குழந்தைக்குத் தெரிந்த ‘பால்’, ‘பூனை’, ‘வேணாம்’ ஆகியவற்றை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டு மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், ஒரு மொழி மட்டும் பேசும் குழந்தைக்கு அது இணையாகவே இருப்பது தெரியும்.

பெற்றோர் அப்போதே அறிந்திருக்க வேண்டிய செய்திகளுள் முதன்மையானது பெல்ஜியத்திலிருந்து கிடைத்தது. அந்நாட்டின் டச்சு பேசும் பகுதியில், பெற்றோரில் ஒருவராவது வேறொரு மொழி பேசும் ஏறத்தாழ 1,900 குடும்பங்களை அனிக் டி ஹவ்வர் என்னும் ஆய்வாளர் ஆராய்ந்து 2007இல் முடிவுகளை வெளியிட்டார். அங்கே பள்ளியிலும் தெருவிலும் கடையிலும் டச்சு மொழிதான். அந்தப் பிள்ளைகள் அனைவருக்கும் டச்சு வந்துவிட்டது. வீட்டில் யார் எந்த மொழி பேசினாலும் அதில் மாற்றமில்லை. ஆனால், ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குக் குடும்பங்களில் பிள்ளைகள் பெற்றோரின் மற்ற மொழியைப் பேசவில்லை. பெற்றோர் இருவரும் வீட்டில் தங்கள் மொழியைப் பேசிய குடும்பங்களில்தான் அது பெரும்பாலும் நிலைத்தது.

டச்சு இருக்கும் இடத்தில் ஆங்கிலத்தையும், அந்த மற்ற மொழி இருக்கும் இடத்தில் தமிழையும் வைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் வளரும் பிள்ளைக்கு ஆங்கிலம் எப்படியும் வந்துவிடும். பாலர்பள்ளி, விளையாட்டுத் திடல், மின்தூக்கியில் பக்கத்து வீட்டாருடன் பேசும் பேச்சு, திறன்பேசியில் பார்க்கும் காணொளி என எல்லாப் பக்கங்களிலிருந்தும் அது வருகிறது. தமிழுக்கு அப்படிப் பல வாசல்கள் இல்லை. பெற்றோரோ தானாக வரக்கூடிய மொழிக்குத் தங்கள் உழைப்பையெல்லாம் கொடுத்துவிட்டு, தாங்கள் மட்டுமே கொடுக்கக்கூடிய மொழியைப் பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். வாரத்தில் சில பாடவேளைகளைக் கொண்டு ஒரு பள்ளி எவ்வளவுதான் செய்ய முடியும்?

காலத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருந்தது. ‘முதலில் ஆங்கிலம் வரட்டும், தொடக்கநிலை ஒன்றில் தமிழ் தொடங்கிக்கொள்ளலாம்’ என்பது அது. குழந்தையின் காது அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை. ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் ஆகியோர் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டுகிறது. இந்தி மொழியில் நாக்கு பல்லைத் தொட்டு எழும் ஒலியும் நாக்கை மடித்து எழுப்பும் ஒலியும் வெவ்வேறானவை. தமிழில் ‘த’வுக்கும் ‘ட’வுக்கும் உள்ள வேறுபாடுதான் அது. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் அந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்துவிட்டன. பத்து முதல் பன்னிரண்டு மாதமான குழந்தைகளுள் பெரும்பாலானவற்றால் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டில் யாரும் பயன்படுத்தாத ஒலியைக் காது ‘தேவையில்லை’ என்று ஒதுக்கத் தொடங்கிவிடுகிறது. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளோ அந்தத் திறனை இழக்கவில்லை. ‘ல’, ‘ள’ வேறுபாட்டுடனும் ‘ன’, ‘ண’ வேறுபாட்டுடனும் உயர்நிலைப்பள்ளி வரை போராடும் மாணவர்களுக்கு இந்தச் செய்தி ஓரளவு ஆறுதல் தரலாம். அதற்குச் சோம்பல் மட்டுமே காரணமன்று.

‘நமக்கு நேரமில்லை, தமிழ்த் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டால் குழந்தை கேட்டுக் கற்றுக்கொள்ளும்’ என்று நினைத்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்ரிசியா கூல் என்பவரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. ஆங்கிலம் கேட்டு வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீனமொழி பேசுபவர்கள் தரையில் உட்கார்ந்து விளையாடினார்கள், கதைப்புத்தகம் படித்துக்காட்டினார்கள். ஒரு முறைக்கு 25 நிமிடம். மொத்தம் 12 முறை. அவ்வளவுதான். அதன்பின் அந்தக் குழந்தைகளால் சீனமொழி ஒலிகளை வேறுபடுத்தி அறிய முடிந்தது. அதே மனிதர்கள், அதே பேச்சு, ஆனால் திரையில் மட்டும் என்று இன்னொரு குழுவுக்குக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் எதையும் கற்கவில்லை. 2003இல் வெளிவந்த இந்த ஆய்வில் பெற்றோருக்கு வேண்டிய இரண்டு செய்திகள் உள்ளன. திரை, மனிதருக்கு மாற்றாகாது என்பது ஒன்று. மற்றொன்று பலர் கவனிக்காதது: நாள் முழுவதும் பேச வேண்டியதில்லை, குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பேசும் 25 நிமிடங்கள்கூட வேலை செய்கின்றன.

இனி, வீட்டில் தமிழ் பேசிய பெற்றோரைப் பார்ப்போம். அவர்களின் பிள்ளைகளுள்ளும் சிலர் இன்று தமிழில் நான்கு வாக்கியம் தொடர்ந்து பேசத் தடுமாறுகிறார்கள். காரணத்தைத் தேடினால், எந்தத் தமிழைப் பேசினார்கள் என்ற கேள்விக்கு வந்து சேரலாம். “எழுந்திரு”, “குளி”, “சாப்பிடு”, “சீக்கிரம் கிளம்பு”, “எத்தனை தடவை சொல்றது?” என்று காலையிலிருந்து இரவு வரை ஏவலும் அதட்டலும் தமிழில் நடந்தன. பிள்ளை ஓவியம் வரைந்து காட்டினால் பாராட்டு ஆங்கிலத்தில் வந்தது. டைனோசர் ஏன் அழிந்தது என்று கேட்டால் விளக்கம் ஆங்கிலத்தில் வந்தது. இரவில் பயந்து அழுதால் ஆறுதலும் ஆங்கிலத்தில்தான். இப்படி வளர்ந்த பிள்ளைக்கு ‘சட்டை’, ‘சோறு’, ‘கதவு’ எல்லாம் தெரியும். ‘பொறாமை’, ‘ஏமாற்றம்’, ‘தயக்கம்’, ‘நியாயமில்லை’ போன்றவை தெரியா. இந்தச் சொற்கள் அகராதியில் உள்ளன; பாடநூலிலும் வருகின்றன. ஆனால், மனம் புண்பட்ட வேளையில் அவற்றை யாரும் அவனிடம் சொன்னதில்லை. காற்பந்துக் குழுவில் இடம் கிடைக்காத அந்த மாணவன் பாட்டியிடம் “ஒண்ணுமில்ல” என்று சொன்னதற்குக் காரணம் இதுதான்.

தங்கள் தமிழைப் பற்றியே கூச்சப்பட்ட பெற்றோரும் இருக்கிறார்கள். ‘நாங்கள் பேசுவது கொச்சைத்தமிழ்; பள்ளியில் சொல்லிக்கொடுப்பது நல்ல தமிழ். நாங்கள் பேசினால் பிள்ளைக்குத் தவறாகப் பழகிவிடும்’ என்று அவர்கள் பேசாமலே இருந்துவிட்டார்கள். தமிழில் பேச்சுவழக்கும் எழுத்துவழக்கும் வேறுபட்டிருப்பது உண்மைதான். “வந்தாங்க” என்று பேசுகிறோம்; “வந்தார்கள்” என்று எழுதுகிறோம். ஆனால், முதலாவதைக் கேட்காத குழந்தைக்கு இரண்டாவது எளிதாக வருவதில்லை. வீட்டில் பேசிப் பழகிய பிள்ளை, வகுப்பில் எழுத்துத்தமிழைப் பார்க்கும்போது தெரிந்த ஒருவரை வேறு உடையில் பார்ப்பதுபோல உணர்கிறது. வீட்டில் பேசாத பிள்ளைக்கோ இரண்டுமே அந்நியம். சிங்கப்பூரின் தமிழ்ப் பாடத்திட்டமும் 2005ஆம் ஆண்டு மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத்தமிழுக்கு உரிய இடத்தைக் கொடுத்திருக்கிறது. பாட்டி பேசும் தஞ்சாவூர்த் தமிழோ திருநெல்வேலித் தமிழோ பிள்ளைக்கு எந்தக் கெடுதலையும் செய்வதில்லை.

பெரும்பாலான வீடுகளில் ‘இனி ஆங்கிலம்தான்’ என்று யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. அது சிறுகச் சிறுக நடந்தது. பாலர்பள்ளிக்குப் போகத் தொடங்கிய சில மாதங்களில் பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்குகிறது. தாய் தமிழில் கேட்கிறார். பிள்ளை ஆங்கிலத்தில் சொல்கிறது. அடுத்த கேள்வியைத் தாயும் ஆங்கிலத்தில் கேட்டுவிடுகிறார். அவருக்கு அது ஒரு மாற்றமாகவே தெரிவதில்லை. வேலை முடிந்த களைப்பில் எது விரைவாக வருகிறதோ அதைப் பேசுகிறார். பிறகு தம்பியோ தங்கையோ பிறக்கிறார்கள். அண்ணன் பள்ளியிலிருந்து கொண்டுவரும் ஆங்கிலம் இப்போது அவர்களுக்கு வீட்டு மொழியாகிறது. மூத்தவன் ஓரளவு தமிழ் பேச, இளையவர் கேட்டால் புரிந்துகொள்வதோடு நின்றுவிடும் குடும்பங்களைப் பல நாடுகளின் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

அந்த இடத்தில் தாய் என்ன செய்திருக்கலாம்? கண்டிப்பு தேவையில்லை. பிள்ளை “ஐ டோன்ட் வாண்ட் டு கோ” என்றால், “போக வேணாமா? ஏன் வேணாம்?” என்று அதையே தமிழில் சொல்லிக் கேட்டால் போதும். பிள்ளை சொன்னது மதிக்கப்படுகிறது. அதற்கான தமிழ்ச் சொல்லும் அதன் காதில் விழுகிறது. உரையாடலும் அறுந்துபோவதில்லை. “தமிழ்ல சொல்லு, அப்பத்தான் தருவேன்” என்று பிடிவாதம் பிடிப்பது எப்போதாவது பலன் தரலாம். ஆனால், அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம் அதைச் செய்தால் அடுத்த முறை அது தாயிடம் வராமலே போகலாம்.

பெற்றோர் பலர் சொல்ல வெட்கப்படும் ஒன்றும் உண்டு. அதுதான் சிரிப்பு. தீபாவளிக்கு உறவினர்கள் கூடியிருக்கும்போது நான்கு வயதுக் குழந்தை “வாழைப்பழம்” என்பதை வேறுவிதமாகச் சொல்கிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள். “இன்னொரு தடவை சொல்லு” என்று மாமா கேட்டு மறுபடியும் சிரிக்கிறார். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. ஆனால், குழந்தை அன்றைக்கு ஒன்றைக் கற்றுக்கொள்கிறது: இந்த மொழியைப் பேசினால் சிரிப்பார்கள், மற்ற மொழியைப் பேசினால் சிரிக்கமாட்டார்கள். பத்தாண்டு கழித்து அதே மாமா, “உன் மகன் ஏன் வாயே திறக்கமாட்டேங்கிறான்?” என்று கேட்பார்.

இதனால் ஏற்படும் இழப்பு மதிப்பெண்ணோடு முடிவதில்லை. அமெரிக்காவில் குடியேறிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களைப் பற்றி லில்லி வோங் ஃபில்மோர் 1991இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மிகச் சிறு வயதிலேயே ஆங்கிலப் பாலர்பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் பலர் வீட்டுமொழியை விட்டுவிட்டார்கள். பெற்றோருக்கோ ஆங்கிலம் போதிய அளவு தெரியாது. பிள்ளைகள் பதின்ம வயதை அடைந்து, பெற்றோரின் அறிவுரையும் அரவணைப்பும் மிகவும் தேவைப்பட்ட காலத்தில், இருவருக்கும் பொதுவான மொழி இல்லாமல் போனது. சிங்கப்பூரில் பெற்றோருக்கு ஆங்கிலம் தெரியும். ஆகையால், அந்த இடைவெளி ஒரு தலைமுறை தள்ளி, தாத்தா பாட்டிக்கும் பேரப்பிள்ளைக்கும் நடுவே விழுகிறது. அதனால்தான் பலர் அதைத் தாமதமாகக் கவனிக்கிறார்கள். சில வேளைகளில், பாட்டி இறந்து அவரைப் பற்றிப் பேசும்போதுதான், அவர் எந்த ஊரில் பிறந்தார், எப்படிக் கப்பலேறி வந்தார் என்பது பேரப்பிள்ளைகள் யாருக்கும் தெரியாது என்பது புலப்படுகிறது.

இதற்காகப் பெற்றோரைக் குற்றம்சாட்டுவது முறையன்று. அவர்கள் தங்களுக்கு அன்று தெரிந்ததைக் கொண்டு பிள்ளையின் எதிர்காலத்துக்கு எது நல்லது என்று நினைத்தார்களோ அதைச் செய்தார்கள். காலம் கடந்துவிட்டதா என்ற கேள்விக்கும் ஆய்வு ஒன்று ஓரளவு பதில் சொல்கிறது. சிறு வயதில் வீட்டில் ஸ்பானிய மொழியைக் காதால் கேட்டிருந்தும் பேசாமலே வளர்ந்த சிலர், அமெரிக்காவில் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபின் அம்மொழியைப் பாடமாகக் கற்றார்கள். டெர்ரி ஆவ் என்பவரின் குழு 2002இல் அவர்களை ஆராய்ந்தது. சிறு வயதில் ஸ்பானிய மொழியைத் தொடர்ந்து கேட்டிராத சக மாணவர்களைவிட அவர்களது உச்சரிப்பு இயல்பாக இருந்தது. இலக்கணத்தில் அவர்களுக்கு அப்படியொரு சலுகை கிடைக்கவில்லை. அதை மற்றவர்களைப் போலவே உழைத்துத்தான் கற்கவேண்டியிருந்தது. ஆனால், காதில் விழுந்தது எங்கோ தங்கியிருந்தது.

கூடத்துப் பாட்டி பேசியதையெல்லாம் பதினான்கு ஆண்டுகளாகக் கேட்டு வந்த அந்த மாணவனுக்கும் இது பொருந்தக்கூடும். அவனுடைய தாய் இப்போது ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறார். இரவில் அவன் பேச வந்தால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கேட்பதில்லை. கூடத்தில் பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார். அவன் ஆங்கிலத்தில் தொடங்குகிறான். “குழுவுல உன் பேரு இல்லையா? ஏன் அப்படிப் பண்ணாங்க?” என்று தாய் தமிழில் கேட்கிறார். அவன் பாதி ஆங்கிலத்திலும் பாதி தமிழிலும் சொல்கிறான். “அது அநியாயம்ல?” என்கிறார் பாட்டி. “ஆமா பாட்டி, அநியாயம்” என்கிறான் அவன்.